அடிநெல்

நெல்லறையை அடியோடு வழித்தெடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. புது நெல் வருகிறபோதும் பழைய நெல் ஒரு சாண் உயரத்துக்குத் தரையில் கிடக்கும். அதன் மேல்தான் புதியதைக் கொட்டுவோம். அடிநெல் என்று பெயர். அதில் கை வைத்தால் வீட்டில் இருக்கிற லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும். அதனால்தான் உங்கள் ஆள் இரும்புக் கம்பியை விட்டு நெல்லைக் குத்திப் பார்த்தபோது, அடிவரைக்கும் குத்த வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். குற்றம் சொல்ல மாட்டேன். பதுக்கின நெல்லைத் தேடி வருகிற அதிகாரி அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதுக்கின நெல் அகப்படவில்லை. ஒரு கார்ச் சக்கரம் அகப்பட்டிருக்கிறது. டயரைத் தடவிப் பார்த்தீர்கள் அல்லவா? வெட்டுகள் தேயாமல் அப்படியே இருக்கின்றன. இரண்டரை வருஷமாக வெயில் படவில்லை, ஈரம் படவில்லை.

உட்காருங்கள். மோரைக் குடியுங்கள். என் தம்பி கர்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறான். வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். கிராம முன்சீப்பை நீங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தியதும் நல்லதுதான். உங்கள் காகிதத்தில் வீட்டுக்காரன் என்று என் தம்பி பெயரை எழுதப்போகிறீர்கள். அதை எழுதாதீர்கள். சக்கரத்தை அங்கே வைத்தவள் நான். என் பெயர் ராமுத்தாய். இது இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. இதைத் தேடி மாட்டுக்கொட்டத்தைப் புரட்டினான், வைக்கோல் படப்பைப் பிரித்துப் போட்டான். அடிநெல்லை மட்டும் கிளறவில்லை. யாரும் கிளற மாட்டார்கள். உங்கள் காகிதம் சட்டம் போகிற வழியில் போகட்டும். அவன் காதுக்கு இது என் வாயால்தான் போக வேண்டும், அல்லது போகாமலே இருக்க வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் மலைக்காய்ச்சலில் போனார். பத்தொன்பது வயதில் சின்னமனூருக்குத் திரும்பி வந்தேன். அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கர்ணனுக்கு ஏழு வயது. தலைமுடி சடை விழுந்து, முதுகெல்லாம் சிரங்கு. என்னைப் பார்த்ததும் அவன் அழவில்லை. "இனிமே போயிர மாட்டீல்ல?" என்று கேட்டான். போக மாட்டேன் என்றேன். அதன் பிறகு நான் எங்கும் போகவில்லை. திருவிழாவுக்கு வீரபாண்டி போனால்கூட அன்றே திரும்பிவிடுவேன்.

அவன் வளர்ந்து ஏலக்காய் வியாபாரத்தில் இறங்கினான். மலையில் எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குப் போன துரை ஒருவரிடமிருந்து கார் வாங்கினான். சின்னமனூரில் அதைப் ப்ளஷர் என்றுதான் சொல்வார்கள். ஓட்டுவதற்கு உத்தமபாளையத்திலிருந்து ஷேக் மைதீன் வந்தார். நாற்பது வயது. வண்டியைத் துடைக்கும்போது அதனோடு பேசிக்கொண்டே துடைப்பார். முதல் நாளே என் தம்பியிடம் ஒரு கட்டளை போட்டார். ஸ்டெப்னி இல்லாமல் குமுளி மலை ஏற மாட்டார்.

"ஸ்டெப்னி இல்லாம மலை ஏறுறவன் ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல மாமியா வீட்டுக்குப் போற புது மாப்பிள்ளயா இருக்கணும் மொதலாளி" என்பார்.

"எனக்கு மாமியா வீடே மலை மேலதாண்ணே" என்பான் கர்ணன்.

"அப்ப ரெண்டு ஸ்டெப்னியாப் போட்டுக்கிருவோம்."

இருவரும் சிரிப்பார்கள். அடுப்படியிலிருந்து நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமியார் வீடு குமுளியில்தான். கர்ணனின் மனைவி செல்வமணியின் அப்பா அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். செல்வமணி நல்ல பெண். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. வந்த மூன்றாம் நாளே, "மதினி, ஒங்க தலை என்ன இப்படி வறண்டு கெடக்கு?" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். வெள்ளைச் சேலை உடுத்திய பிறகு என் தலையில் இன்னொருவர் விரல் பட்டது அன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பதைக்கூட.

அவளுக்கு ஆறு மாதமாக இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் கர்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"குமுளியில ஒரு வீடு பாத்திருக்கேன்க்கா. பிள்ள பெறந்ததும் அங்கனயே இருந்துரலாம்னு. யாவாரம் பூராம் அங்கனதான நடக்கு."

"சரிப்பா" என்றேன்.

"காரும் அங்கன நின்னாத்தான் தோது."

"சரி."

செல்வமணி அவன் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். "மதினி இங்கனயே இருக்கட்டும். எதுக்கும் ஒரு ஆளு வேணும்ல வீட்டுக்கு? நீங்க இங்கன இருக்கீகன்னா நாங்க அங்கன தைரியமா இருப்போம் மதினி" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். நான் அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அன்று சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கும்போது, எதற்கு அங்கே வந்தேன் என்பது மறந்துபோய்க் கொடிக்கடியில் வெகு நேரம் நின்றேன். அவ்வளவுதான். கோபம் என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை. கோபம் வருகிறவர்கள் கத்துவார்கள். நான் துணியை மடித்து வைத்தேன்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு டயர் என்பது கண்ணால் காணாத பொருளாகிவிட்டது. சந்தையில் வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கித் திரும்புவதற்குள் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி காணாமல் போய்விடும். அதனால் நான் கெட்டிக் கித்தானில் ஒரு மூடி தைத்தேன். சக்கரத்துக்கு உறை மாதிரி. கயிறு வைத்துக் கட்டினால் அறுத்துவிடுவார்கள் என்று, மாட்டிய பிறகு கோணி ஊசியும் சணலுமாகச் சுற்றிலும் நெருக்கித் தைத்துவிடுவேன். பிரிக்க வேண்டுமானால் கால் மணி நேரம் ஆகும். "அக்கா தையல் போட்டா இன்ஸ்பெக்டர் பூட்டுப் போட்ட மாதிரி" என்பார் மைதீன்.

புது டயர் வேண்டுமானால் பர்மிட்டு வாங்க வேண்டும். பர்மிட்டுக்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து வண்டியைப் பார்ப்பார். ஸ்டெப்னி நல்லதாக இருந்தால், அதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று போய்விடுவார். அதனால் வண்டி வைத்திருந்த எல்லோரும் ஒன்று செய்தார்கள். அதிகாரி வருகிற அன்று நல்ல ஸ்டெப்னியைக் கழற்றி ஒளித்துவிட்டு, மொட்டையாகத் தேய்ந்த ஒன்றை மாட்டி வைப்பார்கள். அவர் போனதும் நல்லது திரும்ப ஏறிவிடும். உங்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது? அந்த அதிகாரிகளுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது நோன்புப் பெருநாள் வாரத்தில். மைதீன் ஊருக்குப் போயிருந்தார். செல்வமணியை ஆவணியிலேயே வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குக் குமுளிக்கு அனுப்பியாகிவிட்டது. நானும் கர்ணனும்தான் சக்கரத்தைக் கழற்றினோம். நல்லதை வைக்கோல் படப்புக்குள் செருகினோம். மாட்டுக்கொட்டத்தில் கிடந்த பழைய சக்கரத்தை அதன் இடத்தில் மாட்டினோம். அதிகாரி பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். கர்ணன் அன்றே ஏலக்காய் லாரியில் குமுளிக்குக் கிளம்பினான். "மைதீன் அண்ணன் வந்ததும் நல்லத மாட்டச் சொல்லிருக்கா" என்று லாரியில் ஏறிக்கொண்டே சொன்னான்.

"ம்" என்றேன்.

இந்த 'ம்' பொய்யா இல்லையா என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். சொல்லும்போது பொய் இல்லை. மைதீன் வருவதற்கு முதல் நாள் படப்பிலிருந்து சக்கரத்தை உருவினேன். மாட்டுவதற்கு எடுத்து வைக்கலாம் என்றுதான் உருவினேன். அதை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது அது பாட்டுக்கு நேராக உருண்டு வந்தது. கை வைத்தால் போதும், ஒரு குழந்தையை நடத்திக் கூட்டி வருவது போல. கார் நின்ற இடத்தைத் தாண்டினேன். வீட்டுக்குள் வந்தேன். நெல்லறை வாசலில் அடைப்புப் பலகைகளைக் கழற்றி, உள்ளே படுக்கப்போட்டு, அடிநெல்லை அதன் மேல் இழுத்துவிட்டேன். நிமிர்ந்தபோது வெகு நாளைக்குப் பிறகு இடுப்பு வலி இல்லாமல் நின்றது போல் இருந்தது.

நினைத்தது இவ்வளவுதான். ஸ்டெப்னி திருட்டுப் போய்விட்டது என்று சொல்லலாம். ஸ்டெப்னி இல்லாமல் மைதீன் மலை ஏற மாட்டார். புது டயர் வர ஆறு மாதமாகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் கார் சின்னமனூரில்தான் நிற்கும். கார் இங்கே நின்றால் தம்பி இங்கே இருப்பான். குமுளி வீட்டுப் பேச்சு தானாகத் தள்ளிப்போகும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத காரியம். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மைதீன் கேள்வி கேட்காமல் இருக்க, மொட்டைச் சக்கரத்தின் மேல் மூடியைப் போட்டுத் தைத்துவிட்டேன். மைதீன் வந்தார், மூடியைப் பார்த்தார், திருப்தியாகப் போய்விட்டார். திருட்டுப் போனதாக அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கர்ணன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவன் ஐப்பசி பிறந்தும் வரவில்லை. பிரசவம் நெருங்கியதால் அங்கேயே தங்கிவிட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, குமுளியிலிருந்து இறங்கி வருகிற பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் இறங்கி ஒரு கடுதாசியைக் கொடுத்துவிட்டு ஓடினார். எனக்குப் படிக்கத் தெரியும். கர்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவனோடு சேர்ந்து படித்ததுதான். வாசலில் நின்று இரண்டு தடவை படித்தேன். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். மைதீன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா எழுதியிருக்காக மொதலாளி?"

"செல்வமணிக்கு வலி கண்டுருச்சாம். ரத்தம் போகுதாம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டாளாம். கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும், ஒடனே வண்டி வேணும்னு எழுதியிருக்கான்."

"யா அல்லா." துணியைத் தோளில் போட்டார். "ஸ்டெப்னி நல்லதுதானக்கா மாட்டியிருக்கு? பின்னாடி வலது டயருல நூலு தெரியுது. மொதலாளிகிட்ட முன்னமே சொன்னேன்."

"நல்லதுதான் மாட்டியிருக்கு."

"எதுக்கும் தையலப் பிரிச்சு ஒரு பார்வ பாத்துர்றேன்."

"பிரிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிற நேரமா இது? அங்கன ஒரு உசுரு துடிச்சுக்கிட்டுக் கெடக்கு. கெளம்புங்க."

அவர் அப்படியே வண்டியில் ஏறினார். என் பேச்சை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். உண்மையைச் சொல்லிச் சக்கரத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். அதையும் யோசிக்காமல் இல்லை. அது நாற்பது மூட்டை நெல்லுக்கு அடியில் கிடக்கிறது. இன்று உங்கள் ஆட்கள் நான்கு பேர் அள்ளிப் போட எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தீர்கள். அன்று வீட்டில் நான் ஒருத்தி, மைதீன் ஒருவர். அங்கே அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. எது சரி? நெல்லை அள்ளிக்கொண்டிருப்பதா, வண்டியை உடனே அனுப்புவதா? நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அவளுக்காகத்தான் அவசரப்படுத்தினேன்.

மலையில் நடந்ததைக் கர்ணன் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான். திரும்பக் கேட்டதில்லை.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. செல்வமணியைப் பின் சீட்டில் படுக்கவைத்து இறங்கும்போது, பாதி மலையில், பின் வலது டயர் வெடித்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மைதீன் பேனாக்கத்தியால் என் தையலை அறுத்தார். மூடிக்குள் கையை விட்டுத் தடவியவர் அப்படியே குந்திவிட்டாராம். பிறகு அதையே மாட்டி ஓட்டினார். இரண்டு வளைவு தாங்கியது. அதுவும் கிழிந்தது. யுத்தக் காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. அந்தப் பாதையில் கரியை எரித்து ஓடுகிற கேஸ் பஸ் ஒன்று காலையில் இறங்கும், மாலையில் ஏறும். நடுவில் ஈ காக்கை கிடையாது. மைதீன் மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மூன்று மைல் ஓடினார். செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஒரு மாட்டு வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் காருக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. கர்ணன்தான் கையில் வாங்கினான். பெண்.

செல்வமணிக்கு ரத்தம் நிற்கவில்லை. மாட்டு வண்டி கூடலூர் வருவதற்குள் போய்விட்டாள். கடைசி வரைக்கும் நினைவு இருந்ததாம். "மதினிகிட்டப் பிள்ளயக் குடுங்க. அவுக பாத்துக்கிருவாக" என்றாளாம்.

கர்ணன் என்னிடம் இதைச் சொன்னபோது நான் அழுதேன். நடிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அழுகை வரும். வேண்டுமானால் இதை எழுதாமல் விட்டுவிடுங்கள்.

பதினாறு முடியும் முன்பே அவன் முற்றத்தில் மைதீனை நிறுத்திவைத்துக் கேட்டான்.

"நல்ல டயரு எங்கய்யா?" அண்ணே என்று கூப்பிடவில்லை.

"எனக்குத் தெரியாது மொதலாளி. அக்காகிட்டக் கேட்டேன். நல்லதுதான் மாட்டியிருக்குன்னு சொன்னாக."

கர்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு பார்வை. ஏழு வயதில் வாசலில் நின்று, போயிர மாட்டீல்ல என்று கேட்டானே, அதே கண். உண்மையைச் சொன்னால் அந்தக் கண் அதோடு முடிந்துவிடும்.

"படப்புல இருந்தத அன்னைக்கே எடுத்து மைதீன்கிட்டக் குடுத்தேன். மாட்டிட்டேன்னு சொன்னாரு. நான் மூடியத் தச்சேன்" என்றேன்.

"அக்கா." மைதீன் குரல் உயரவே இல்லை. "ஒங்க சாமி மேல ஆணையா இதச் சொல்லுங்க."

"நான் எதுக்கும் ஆணை வைக்கிறதில்ல" என்றேன். அதுவும் உண்மைதான். சின்ன வயதிலிருந்தே வைப்பதில்லை.

"எங்கக்கா பொய் சொல்லாதுய்யா" என்றான் கர்ணன். அடித்துவிட்டான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதீன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. போலீஸ் வந்தது. டயரைக் கள்ளச் சந்தையில் விற்றுவிட்டார் என்று கேஸ். மூன்று மாதம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போய்விட்டது. இப்போது கம்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடிக்கிறார். வலது கை சரியாக மடங்காது. இடது கையால் அடிப்பார் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை.

அவர் சம்சாரம் அம்சத் பீவி ஒரு நாள் கொல்லை வாசலுக்கு வந்தாள். உத்தமபாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"எம் மகளப் பொண்ணு கேட்டு வந்தவுக, திருடன் மகளான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாகக்கா. அவுக எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

நான் உள்ளே போய் ஒரு படி அரிசி அளந்து கொண்டுவந்தேன். அவள் முந்தானையை ஏந்தவில்லை.

"எனக்கு அரிசி வேணாங்க்கா. அந்த வார்த்த வேணும்."

"என்கிட்ட இருக்கதத்தான தர முடியும்?" என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். வையவில்லை. அவள் போன பிறகு அரிசியைத் திரும்பப் பானையில் போட்டேன். அதில் கொஞ்சம் சிந்திவிட்டது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன். எனக்கு மனசாட்சி இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

குமுளி வீடு கைவிட்டுப் போயிற்று. காரை விற்றாகிவிட்டது. கர்ணன் மலைப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. காலையில் வயல், மத்தியானம் வீடு. நான் பரிமாறுகிறேன், சாப்பிடுகிறான். பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் இருக்கிறான். உள்ளே தூளியில் தூங்குகிறதே, அவள்தான் பிள்ளை. சுருளியம்மாள். அத்தை என்றுதான் என்னைக் கூப்பிட வேண்டும். அம்மா என்கிறாள். முதலில் கர்ணன் திருத்திப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. செல்வமணி என்ன சொல்லிவிட்டுப் போனாளோ அதைத்தான் செய்கிறேன்.

நீங்கள் நம்புவதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும். இதோ, இதுதான் அந்தக் கடுதாசி. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். என் தம்பியின் கையெழுத்து. கடைசி வரியைப் படியுங்கள். 'ஸ்டெப்னியைப் பார்த்து அனுப்பு.' சக்கரத்தைப் பதுக்கியவன் இப்படி எழுதுவானா? அவன் பெயரை அடித்துவிடுங்கள். அவனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏன் கடுதாசியையும் பலகையையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்?

தேதியா? ஆமாம், மேலே போட்டிருக்கிறான். தாரண வருஷம் ஐப்பசி ஒன்பது. பலகையில் கரியால் எழுதியிருப்பது கணக்குப்பிள்ளை. யுத்தக் காலத்தில் நெல்லறையை அடைத்தால் அவர் வந்து தேதி எழுத வேண்டும் என்று உங்கள் ஆட்கள்தானே வைத்தார்கள்? வருஷா வருஷம் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். தாரண வருஷம், ஐப்பசி இருபத்தாறு.

நெல் வந்தது பதினேழு நாள் கழித்துத்தானே அம்மா என்று கேட்கிறீர்கள்.

ஆமாம். துக்கம் கழித்துத்தான் அந்த வருஷம் அறுப்பு வைத்தோம். கதிர் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. இத்தனை நாளாக நாற்பது மூட்டை என்று எனக்குள் சொல்லிச் சொல்லி, உங்களிடமும் அப்படியே வந்துவிட்டது. கடுதாசி வந்த அன்று நெல்லறையில் அடிநெல் மட்டும்தான். ஒரு சாண். இரண்டு பலகையைக் கழற்றிக் கையால் தள்ளியிருந்தால் போதும். மைதீன் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் வெளியே வந்திருக்கும்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன் என்றேன். குடிக்கவில்லை. நெல்லறைக்குத்தான் போனேன். மேல் பலகையை எடுத்துப் பார்த்தேன். எலி கிளறியிருக்க வேண்டும். நெல்லுக்கு வெளியே டயரின் ஓரம் கறுப்பாகத் தெரிந்தது. கையில் கடுதாசி இருந்தது. நான் பலகையைத் தாண்டி உள்ளே இறங்கி, காலால் நெல்லைத் தள்ளி அதை மூடினேன். அடிநெல்லில் கால் படக் கூடாது. தெரிந்துதான் வைத்தேன். நன்றாக மூடியிருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன். பலகையைத் திரும்பப் போட்டுவிட்டு அதன் பிறகுதான் முற்றத்துக்கு வந்தேன்.

உங்கள் பேனா அசையவில்லை. எழுதுங்கள், நான் நிதானமாகத்தானே சொல்கிறேன்? தம்பி வருகிற நேரமாகிவிட்டது.

ஒன்று விட்டுப்போயிற்று. மைதீன் வண்டியைக் கிளப்பியபோது நான் வாசல் வரைக்கும் வந்தேன். "பாத்துப் போங்க" என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.